தள்ளினால் ஓடும் ரேஸ் வண்டி

கரமனை நீலகண்ட ஐயரின் ரேஸ் வண்டி ஓட வேண்டுமானால் மூன்று சங்கதி வேண்டும். பெட்ரோல் வேண்டும், ஆமணக்கெண்ணெய் வேண்டும், வேதமாணிக்கம் வேண்டும். முதல் இரண்டும் விலைக்குக் கிடைக்கும். மூன்றாவது வாசல் கேட்டுக்குப் பக்கத்துப் பலாமரத்தடியில் பீடி குடித்தபடி உட்கார்ந்திருக்கும்.

பொன்முடியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை தன் ஊரிலிருந்து கப்பலில் கொண்டு வந்த வண்டி அது. அங்கே எத்தனையோ பந்தயத்தில் ஓடி ஜெயித்த வண்டி என்று துரை சொன்னார். ஜெயித்த வண்டியை ஏன் விற்கிறீர் என்று ஐயர் கேட்கவில்லை. துரைக்கு ஊர் திரும்புகிற அவசரம், ஐயருக்கு வாங்குகிற அவசரம். அப்பா தேக்கு மரத்தில் சம்பாதித்ததை மகன் இரும்பில் போட்டார்.

வண்டி பார்க்க ஒரு பெரிய மீன் மாதிரி இருக்கும். நீள மூக்கு, கூரான வால். கூரை கிடையாது, கதவு கிடையாது. ஐயர் உட்கார ஒரு குழி, பக்கத்தில் இன்னொரு அரைக் குழி. அந்த அரைக் குழியில் ஐயரின் சம்சாரம் அனந்தலக்ஷ்மி அம்மாள் ஒரே ஒரு தரம் உட்கார்ந்து பார்த்தாள். இறங்கியபோது பட்டுப்புடவை பாதி எண்ணெயாக இருந்தது.

“ஏன்னா, இது வண்டியா உரலா? உள்ளே போட்டு இடிக்கறதே!” என்றாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் அவள் போகவில்லை.

ஓடும்போது அதன் புகையில் ஆமணக்கெண்ணெய் நாறும். கரமனைத் தெருவில் குழந்தைகள் அந்த வாடை வந்தாலே பேதிக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று அட்டத்துப் பரணில் ஏறிக்கொள்ளும். ஆனால் ஓடினால்தானே புகை. அதைக் கிளப்புவதுதான் காரியம். முன்னால் கைப்பிடி மாட்டிச் சுற்றலாம். சுற்றிய ஒருவனுக்குக் கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு போயிற்று. அன்று முதல் மூக்குப் பக்கம் எவனும் நிற்பதில்லை. எல்லாரும் வால் பக்கம்தான். வேதமாணிக்கம், அவன் கூட்டாளி தாசையன், பாறசாலையிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர், ஆக நாலு பேர். கரமனைப் பாலத்துச் சரிவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அங்கே தலையைக் குனிந்து தோளைக் கொடுத்து ஒரு ஓட்டம் ஓட வேண்டும். ஐயர் கியரைப் போடுவார். வண்டி ஒரு இருமல் இருமி, நாலு பேர் முகத்திலும் கரியை அப்பிவிட்டு, இடி இடித்தது போல் போய்விடும்.

போய்விடும் என்றால் ரொம்ப தூரம் போகாது. அது வேகமாகப் போனால் ஓடும், மெதுவாகப் போனால் படுத்துவிடும். திருவனந்தபுரத்தில் வேகமாகப் போக இடம் எங்கே இருக்கிறது? கிள்ளிப்பாலத்தில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தால் போதும், ஐயர் காலை அழுத்துவார், அது செத்துப்போகும். நாலு பேரும் பின்னாலேயே ஓடிப் போய் மறுபடி தோளைக் கொடுக்க வேண்டும்.

வேதமாணிக்கத்துக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. இடுப்பு நோகும், நெஞ்சு இரைக்கும், அது வேறு. ஆனால் அந்த வண்டி எத்தனைக்கு எத்தனை படுத்ததோ அத்தனைக்கு அத்தனை அவன் வீட்டில் உலை ஏறியது. இதற்கு முன் அவனும் பெண்சாதி ராஜபாயும் பொன்முடி மலையில் எஸ்டேட்டுக் கூலி லயத்தில் கிடந்தவர்கள். அட்டையும் குளிரும் காய்ச்சலுமாக இருந்து, ஒரு பெண்குழந்தையை அந்த மண்ணில் வைத்துவிட்டுத்தான் மலை இறங்கினார்கள். இந்தத் தள்ளுகிற வேலை போனால் மறுபடி அங்கே ஏற வேண்டியதுதான், வேறு வழி இல்லை. எஸ்டேட்டுக்கு ஆள் பிடிக்கிற கங்காணி மாதத்துக்கு ஒரு தரம் வந்து, “என்ன வேதமாணிக்கம், மோட்டாரு இன்னும் ஓடுதா?” என்று விசாரித்துவிட்டுப் போவான்.

“ஓடல்ல ஓய், கர்த்தர் கிருபையாலே” என்று இவன் சொல்வான்.

இந்த நிம்மதியைக் கெடுக்க வந்தது ஒரு பேபி கார். அனந்தலக்ஷ்மி அம்மாளின் அண்ணா சேஷன், ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீசில் சூப்பிரண்டு. வீடு கிழக்கேகோட்டை உள்ளே அக்கிரகாரத்தில். அவர் வாங்கினார். சின்ன வண்டி, தகர டப்பாவுக்குச் சக்கரம் வைத்தது போல. ஆனால் கூரை உண்டு, கதவு உண்டு, நாலு பேர் முட்டிக்கு முட்டி இடிக்காமல் உட்காரலாம். ஒரு சுற்று சுற்றினால் பூனை மாதிரி கிர்ர்ரென்று கிளம்பும். மழையில் ஓடும், வெயிலில் ஓடும். தினமும் கச்சேரிக்குப் போய் வரும், ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்கு வரும், திரும்பும்போதும் கிளம்பும்.

வேதமாணிக்கம் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அதில் ஒரு குறையும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. அதுதான் அவனுக்குப் பெரிய குறையாகப் பட்டது. அதற்கு ஆள் வேண்டாம்.

“நல்ல வண்டிடே,” என்றான் தாசையனிடம். “நம்மள நாலு பேரையும் சேத்து விழுங்கிரும்.”

அவன் பயந்தது போலவே ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் ரேஸ் வண்டியின் சக்கரத்துக் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது முற்றத்தில் பேச்சு முற்றியது.

“மாப்ளே, உம்ம வண்டி மணிக்கு எத்தனை மைல் போகும்?” என்றார் சேஷன்.

“நூறு!” என்றார் நீலகண்ட ஐயர்.

“எப்போ போச்சு?”

“போகும்.”

“என்னோடது நாப்பதுதான். ஆனா நேத்திக்குப் போச்சு, இன்னிக்கும் போச்சு, நாளைக்கும் போகும்.”

“ஓய் சேஷன், உம்மோடது வண்டி இல்லை ஓய், வெத்தலைப்பெட்டி. யானையையும் ஆட்டையும் பக்கத்திலே நிறுத்தலாமா?”

அனந்தலக்ஷ்மி அம்மாள் காபி டவராவோடு வந்தாள். “யானைதான். நாலு பேர் தள்ளற யானை. கோயிலுக்குப் போகணும்னா நான் இன்னும் ஜட்கா வண்டியிலே போறேன். ஊரெல்லாம் சிரிக்கறது. இதோ பாருங்கோ, வர வெள்ளிக்கிழமை அண்ணா குழந்தைக்கு ஆண்டு நிறைவு. சாலைக் கடைத்தெருவிலேர்ந்து காய்கறி, இலை, தேங்காய் எல்லாம் போகணும். பாதிச் சாமான் உங்க வண்டியிலே, பாதி அண்ணா வண்டியிலே. எது ஹோமத்துக்கு முன்னாடி வாசல்லே கொண்டு வந்து எறக்கறதோ, அந்த மாதிரி வண்டிதான் இந்த ஆத்திலே இருக்கும். உங்களது தோத்தா, அதைக் கேக்கறவா யார் கிட்டேயாவது குடுத்துட்டு எனக்கு ஒரு பேபி கார்.”

“சரி!” என்றார் ஐயர். பந்தயம் என்று யாராவது சொன்னால் அவருக்கு வேறு வார்த்தை வராது.

பந்தயத்தில் ஓடிய வண்டிக்குப் பூசணிக்காய் சுமக்கிற பந்தயம். வேதமாணிக்கம் துடைத்த சக்கரத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் சபையில் ஜெபக்கூட்டம். எல்லாரும் தலை குனிந்திருக்கும்போது அவன் தன் விண்ணப்பத்தைப் போட்டான். ரேஸ் வண்டி நன்றாக ஓட வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை, ஓடினால் தள்ள ஆள் எதற்கு? ஓடாமல் ஜெயிக்க வேண்டும் என்று கேட்டான். கர்த்தருக்கே இது குழப்பமாக இருக்கும் என்று தோன்றியது. ஆமென் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஐயர் தோல் தொப்பி வைத்து, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி மாட்டி, நெற்றியில் விபூதியோடு குழியில் இறங்கினார். சேஷனும் அனந்தலக்ஷ்மி அம்மாளும் பேபி காரில் ஏறினார்கள். சரிவில் நாலு பேரும் தோள் கொடுத்தார்கள். ரேஸ் வண்டி இருமி, கரியடித்து, கண்மூடித் திறப்பதற்குள் கிள்ளிப்பாலத்துக்கு அப்புறம் புள்ளியாகிவிட்டது. தெருவில் நின்றவர்கள் கைதட்டினார்கள். பின்னால் பேபி கார் கிர்ரென்று, கடைக்கு எண்ணெய் வாங்கப் போகிற அம்மையார் மாதிரி ஓரமாகப் போயிற்று.

நாலு பேரும் ஓடினார்கள். சாலைக் கடைத்தெரு வாயிலில் எதிர்பார்த்தபடியே வண்டி செத்துக் கிடந்தது. முன்னால் அரிசி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள், தலைச்சுமைக்காரர்கள்.

“தள்ளுங்கோடா!”

தள்ளினார்கள். அங்கேதான் வேதமாணிக்கம் நினைத்தும் பார்க்காத ஒன்று நடந்தது. சாலையில் பேபி காரை எவனும் மதிப்பதில்லை, தினம் பார்க்கிற வண்டி. அது ஹார்ன் அடித்தால் ஆட்டுக்குட்டி கத்தியது போல இருக்கும், மாடுகூடத் திரும்பாது. ரேஸ் வண்டியைப் பார்த்ததும் கடைத்தெரு முழுவதும் இறங்கி வந்துவிட்டது. தராசை அப்படியே தொங்கவிட்டுவிட்டு மளிகைக்காரர்கள் வந்தார்கள். ஜவுளிக் கடையிலிருந்து முழக்கோலோடு ஒருவன் வந்தான். கூட்டம் தானாக வழி விட்டது, வழி விட்டுப் பின்னால் மூடிக்கொண்டது. பேபி கார் அந்த மூடலுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு கத்தியது.

“எந்தா சாரே, இது ஓடாதா?” என்று ஒரு கொப்பரைக் கடைக்காரர் கேட்டார்.

“ஓடும். இப்போ ஓட வேண்டாம்னு இருக்கு!” என்றார் ஐயர், கண்ணாடியைக் கழற்றாமல்.

“ஓடினா ஊரு தாங்காது, கேட்டியளா?” என்று தாசையன் வாலைப் பிடித்தபடி எடுத்துக் கொடுத்தான். “அதனாலத்தான் நாங்க பிடிச்சிட்டு வாறோம்.”

ஐயர் கடைக்குள் போக வேண்டியிருக்கவில்லை. கடை வண்டிக்கு வந்தது. காய்கறிக்காரர் தானே பூசணிக்காயைக் கொண்டு வந்து அரைக் குழியில் உட்கார வைத்தார். குழிக்கென்றே காய்த்தது போல அது பொருந்தி உட்கார்ந்தது. சேனையும் சேம்பும் வாலின் மேல் கயிறு போட்டுக் கட்டினார்கள். வாழையிலைக் கட்டுக்கு இடமில்லை, நீள மூக்கின் மேல் படுக்க வைத்தார்கள். எஞ்சின் செத்திருந்ததால் இலை வாடவில்லை. அதையும் வேதமாணிக்கம் கவனித்துக்கொண்டான். இந்த வண்டி செத்திருக்கும்போதுதான் எத்தனை உபகாரம்!

முன்னால் மேளம் இல்லாத குறைதான். தோல் தொப்பியோடு ஐயரும் பக்கத்தில் பூசணிக்காயுமாக, நாலு பேர் தள்ள, சாலைத் தெருவில் வண்டி ஊர்ந்தது. பின்னால் எங்கோ சேஷன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, “இது கள்ள ஆட்டம்! தள்ளுவண்டியாக்கும் அது!” என்று கத்தினார். யாரும் காதில் வாங்கவில்லை. கிழக்கேகோட்டை வாசல் தெரிந்தது. அதைத் தாண்டினால் அக்கிரகாரம், நாலாவது வீடு சேஷனுடையது. வேதமாணிக்கத்தின் உடம்பில் இல்லாத பலம் எல்லாம் வந்தது. பொன்முடி மலை பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

வாசலுக்குள் வண்டியின் மூக்கு நுழைந்தது. பாதி வண்டி நுழைந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

“என்னடா?” என்றார் ஐயர்.

வேதமாணிக்கம் தன் காலைப் பார்த்தான். அது நின்றிருந்தது. தாசையனைப் பார்த்தான், அவன் காலும் நின்றிருந்தது. பாறசாலைக்காரர்கள் ஏற்கெனவே வாலை விட்டுவிட்டு வாசலுக்கு வெளியே ஓரமாக ஒதுங்கி, துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டியிருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

“தள்ளுடா வேதமாணிக்கம்!”

“சாமி... கோட்டைக்குள்ளயில்லா?”

“அதனாலே என்ன? உங்களவா உள்ளே வரப்படாதுங்கற அந்தத் தடையெல்லாம் எடுத்து எத்தனை வருஷமாச்சு! கெஜட்டிலே போட்டாச்சேடா!”

“கெஜட்டிலே வந்தாச்சு சாமி. காலுக்கு இன்னும் வரல்ல.”

அவன் கேலிக்குச் சொல்லவில்லை. அவனுடைய சின்ன வயதில் இதே வாசல் பக்கம் தெரியாமல் நடந்துவிட்ட அவன் அப்பனைச் சாட்டையால் முதுகில் விளாசி அனுப்பினார்கள். அப்பன் அதை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை, ஊர் சொன்னது, சட்டையைக் கழற்றும்போது தழும்பை மகன் பார்த்தது. அதற்கப்புறம் ஞானஸ்நானம் வந்தது, பெயர் மாறியது, உத்தரவும் மாறியது. எல்லாம் தலை வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, பொன்முடியை நினைத்து, செத்துப்போன குழந்தையை நினைத்து, காலை எடுக்கப் பார்த்தான். அது வேறொருவன் கால் மாதிரி நின்றது.

உள்ளே அக்கிரகாரத்தில் செய்தி போய் ஹோமத்துக்கு வந்திருந்த வைதிகர்கள் எல்லாரும் வாசல் வரை வந்துவிட்டார்கள். குளித்து ஈர வேஷ்டியோடு, மடியாக. ஐயர் அவர்களைப் பார்த்துக் கை கூப்பினார்.

“சித்தே முன்னாலேர்ந்து ஒரு கை பிடிச்சு இழுங்கோளேன். நாலே வீடுதான்.”

வைதிகர்கள் வண்டியின் வாலைப் பார்த்தார்கள், வாலில் இருந்த கரிக்கை அடையாளத்தைப் பார்த்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.

“தொட்டா மறுபடி ஸ்நானம் பண்ணணும்,” என்றார் பெரியவர். “நேரம் ஆயிடும். காய்கறிக்குத் தோஷமில்லை, அது பாட்டுக்கு வரட்டும்.”

“எப்படி வரும்?”

சாஸ்திரத்தில் பூசணிக்காய் எப்படி வந்து சேர வேண்டும் என்று இல்லை.

ஆக, வெளியே நின்றவர்கள் உள்ளே வரமாட்டார்கள், உள்ளே நின்றவர்கள் தொடமாட்டார்கள். மணிக்கு நூறு மைல் போகிற வண்டி ராஜ்யத்தின் வாசலை அடைத்துக்கொண்டு நடுவில் நின்றது. கோட்டைக் காவல் சேவகன் ஒருவன் வந்து, “வண்டி வழியிலிருந்து மாற்றணும், வண்டி மாற்றணும்” என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தான். மாற்றுகிற ஆள் எந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்று அவனுக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் தன் பாதிச் சாமானை ஏற்றிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு பேபி கார் வந்து சேர்ந்தது. சேஷன் ஹார்ன் அடித்தார், கத்தினார், இறங்கி வந்து தரையில் காலை உதைத்தார். முகூர்த்தம் நெருங்குகிறது, வீட்டுக்காரர் வாசலுக்கு வெளியே நிற்கிறார், ரேஸ் வண்டி நகர்ந்தால்தான் அவர் உள்ளே போக முடியும்.

“அண்ணா,” என்றாள் அனந்தலக்ஷ்மி அம்மாள் உள்ளே இருந்தபடி, “நம்ம வண்டியாலேயே இடிச்சுத் தள்ளு.”

“வர்ணம் போயிடும்டி!”

“வர்ணம் போனா போறது. முகூர்த்தம் போயிடும்.”

சேஷன் ஏறினார். பேபி கார் பூனை மாதிரி கிர்ரென்று முன்னால் வந்து, தன் சின்ன மூக்கை ரேஸ் வண்டியின் வாலில் வைத்தது. அதற்கு மடியும் இல்லை, தீட்டும் இல்லை, கெஜட்டும் வேண்டாம். வேதமாணிக்கம் பார்த்துக்கொண்டே நின்றான். நாலு பேர் மூச்சு முட்டத் தள்ளியதை அது ஒன்றே, முனகாமல், தள்ளிக்கொண்டு உள்ளே போயிற்று.

ஐயருக்குப் பழக்கம் ஒன்று இருந்தது. வண்டி தள்ளப்பட்டு நகர்ந்தால் கை தானாகக் கியருக்குப் போகும். போயிற்று. ரேஸ் வண்டி இருமியது. அடுத்த நிமிஷம் அக்கிரகாரம் அதிர்ந்தது. சேஷன் வீட்டு வாசலில் கோலத்தையும் கும்பத்தையும் வைத்துக்கொண்டு நின்றவர்கள் ஐயர் வருவதைப் பார்த்தார்கள், போவதையும் பார்த்தார்கள், இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் பார்க்கவில்லை. மூக்கின் மேல் இருந்த இலைக்கட்டு அவிழ்ந்து, வாழையிலை ஒவ்வொன்றாகப் பறந்து, குளக்கரையில் பாதி, தேர்முட்டியில் பாதி விழுந்தது. பசுக்களுக்கு அன்று விருந்து. வண்டி மேற்குக் கோட்டை வாசல் வழியாக வெளியே பாய்ந்து, சங்குமுகம் கடற்கரை மணலில் போய்த்தான் நின்றது.

ஹோமம் பேபி காரில் வந்த பாதிச் சாமானோடு நடந்தது. மத்தியானப் பந்தி முடிகிற சமயத்தில், ஒரு மாட்டுவண்டி ரேஸ் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பூசணிக்காய் இறங்காமல் உட்கார்ந்திருந்தது. ஐயர் முகத்தில் கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெள்ளை, மீதி கரி. அத்தனை சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை.

“தோத்தாச்சு,” என்றாள் அனந்தலக்ஷ்மி அம்மாள்.

“தோத்தேன்! பேபி கார் வாங்கிக்கோ! நாளைக்கே வாங்கிக்கோ!” என்றார் ஐயர். “அது தள்ளினா என்னமா கிளம்பறது தெரியுமோ! நாலு பேர் தள்ளினா இருமும். இது தள்ளினா கர்ஜிக்கறது! இத்தனை நாள் இந்த ரேஸ் வண்டிக்கு என்ன குறைச்சல்னு தெரியாம இருந்தேன். இதைத் தள்ள ஒரு பேபி கார் இல்லை, அதான் குறைச்சல்.”

அம்மாள் சற்று யோசித்தாள். அவளுக்குப் பேபி கார் கிடைக்கிறது. அவருக்கு ரேஸ் வண்டி போகவில்லை. சண்டை தீர்ந்தது. வீட்டில் எல்லாரும் ஜெயித்துவிட்டார்கள்.

மறுநாள் ஐயர் நாலு பேரையும் பலாமரத்தடியில் நிறுத்தி, மனசு இளகிப் பேசினார்.

“மனுஷாளை மாடு மாதிரி வண்டி தள்ளச் சொல்றது எத்தனை பாவம்னு நேத்திக்குத்தான் எனக்குத் தோணித்து. வாசல்லே உங்களை நிறுத்தி வெச்சுட்டேனே! இனிமே அந்தக் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம். இன்னியோட விட்டாச்சு. சந்தோஷமாப் போங்கோ.”

கண்ணில் அவருக்கு ஈரம்கூட இருந்தது. பாவத்தை ஒழித்தவரை நாலு பேரும் கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

ராஜபாய் விஷயத்தைக் கேட்டு, அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள்.

“இஞ்ச பாரும், ஒரு அடி. ஒரே ஒரு அடி உள்ள வச்சிருந்தா என்னவாம்?”

“வைக்கத்தான் பாத்தேன்.”

“பாத்தீரு! நாலு வீடு தூரத்துல நமக்க சோறு இருந்து. நீரு வாசல்ல நின்னு கும்பிட்டுட்டு வந்திருக்கீரு.”

“நீ வந்து எனக்க காலுகிட்ட கேளு. நான் கேட்டாச்சு.”

அவள் அலுமினியப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட ஆரம்பித்தாள். பழைய கம்பளியை வெயிலில் உதறிப் போட்டாள். அதைப் பார்த்ததும் வேதமாணிக்கத்துக்கு மலைக்குளிர் முதுகில் ஏறியது. பாறசாலைக்காரர்கள் அந்த வாரமே கங்காணியோடு பொன்முடி ஏறிவிட்டார்கள். தாசையனும் இவனும் கங்காணியிடம் பத்து நாள் தவணை கேட்டிருந்தார்கள்.

அதற்குள் பேபி கார் வந்துவிட்டது. அனந்தலக்ஷ்மி அம்மாள் அண்ணாவிடமே ஓட்டவும் படித்துக்கொண்டாள். “ஆத்தைத் தள்ளிண்டு போறது நான்தானே, இதையும் தள்ளினா என்ன?” என்றாளாம். கரமனையில் தினமும் காலையில் அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. முன்னால் ரேஸ் வண்டியில் ஐயர், பின்னால் பேபி காரில் அம்மாள், மூக்கும் வாலும் ஒட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் சின்ன வண்டியின் மூக்கு சின்ன வண்டியின் மூக்குத்தானே. இரண்டாம் நாளே அதன் ரேடியேட்டர் நசுங்கித் தண்ணீர் ஒழுகியது. நடுவில் ஒரு தலகாணியைக் கட்டிப் பார்த்தார்கள். கட்டு நிற்கவில்லை, நழுவி நழுவி விழுந்தது. யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

வேதமாணிக்கத்துக்கு ஆள் வந்தது.

“வேலை லேசு,” என்றாள் அம்மாள். “ரேஸ் வண்டி வால் மேலே பின்பக்கம் பார்க்க உட்கார்ந்துக்கோ. தலகாணியை மடியிலே வெச்சு ரெண்டு வண்டிக்கும் நடுவிலே அணைச்சுப் பிடிச்சுக்கோ. நடக்க வேண்டாம், ஓட வேண்டாம். எஞ்சின் பிடிச்சா மட்டும் குதிச்சுடு. ஆனா வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகணும், கோட்டைக்குள்ளே. அங்கே வாசல்லே இறங்கி நிக்கப்படாது. நின்னா மூக்கு போயிடும். என்ன சொல்றே?”

“ஒரு ஆளு போருமா அம்மா? தாசையனும் உண்டு.”

“தலகாணி ஒண்ணுதானே இருக்கு.”

தாசையனிடம் சொன்னபோது அவன் சிரிக்கத்தான் பார்த்தான். “தலகாணி உத்தியோகமா வே? இருந்துட்டே பாக்குற வேலை. நல்லா இரு மக்கா.” மறுநாள் அவனும் மலை ஏறினான். போகும்போது வேதமாணிக்கம் தன் வீட்டுக் கம்பளியைக் கொடுத்தனுப்பினான்.

வெள்ளிக்கிழமை வந்தது. அக்கிரகாரத்தில் இன்னொரு ஓட்டம் கூடாது என்பது அம்மாளின் கண்டிப்பு. கியரில் கை வைத்தால் பின்னால் இருந்து இடித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். ஆகவே ரேஸ் வண்டி செத்தபடியே, கரமனையிலிருந்து சாலை வழியாக, அம்மாள் தள்ளிய வேகத்தில் போயிற்று. எல்லாருக்கும் இப்போது பழகிவிட்டது. கடைக்காரர்கள் தராசைவிட்டு இறங்கவில்லை. “வழி, வழி” என்று வேதமாணிக்கம் வால் மேலிருந்து கத்த வேண்டியிருந்தது. மடியில் இலவம்பஞ்சுத் தலகாணி, தலகாணியில் பேபி காரின் சூடான மூக்கு, மூக்குக்கு மேலே கண்ணாடிக்குள் அம்மாளின் முகம். கால் இரண்டும் தரையில் படாமல் ஆடிக்கொண்டிருந்தன.

வாசலின் நிழல் முதுகில் விழுந்தபோது அவனுக்குத் தெரிந்தது. குதித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். குதித்தால் ரேடியேட்டர், ரேடியேட்டர் போனால் பொன்முடி. கால்கள் தாமாக மேலே ஏறி மடங்கி வண்டியோடு ஒட்டிக்கொண்டன. அவற்றை யாரும் எதுவும் கேட்கவில்லை. பேபி கார் தள்ளியது, நிழல் தலைக்கு மேல் நகர்ந்தது, போயிற்று. கோட்டை வாசல் இப்போது அவனுக்கு எதிரில் இருந்தது. உள்ளே வந்துவிட்டான்.

ஈர வேஷ்டியோடு ஒரு வைதிகர் ஓரமாக வந்துகொண்டிருந்தார். வண்டி அருகில் வந்ததும் சட்டென்று ஒதுங்கினார். “தலகாணி, தலகாணி! மேலே படாம பார்த்துக்கோ” என்றார். அவனை ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் ராஜபாய் கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு, கேட்காமல் கேட்காமல் கடைசியில் கேட்டுவிட்டாள்.

“போனீரா?”

“போனேன்.”

“உள்ள எப்படி இருந்து? கோபுரம் பெருசா? தெப்பக்குளம் கண்டீரா?”

வேதமாணிக்கம் ஒரு வாய் கஞ்சியைக் குடித்துவிட்டு யோசித்துப் பார்த்தான்.

“எனக்கு என்னட்டி தெரியும்? போகும்போ நான் பொறத்தால பாத்துல்லா இருந்தேன். வாசலும் சாலையும் தெரிஞ்சு. அம்மைக்க முகம் தெரிஞ்சு.”

“வரும்போ?”

“வரும்போ மேக்கு வாசல்கிட்ட ஐயரு கியருல கையை வச்சிட்டாரு, எஞ்சின் பிடிச்சிட்டு. கண்ணு நெறைய ஆமணக்கெண்ணெய்.”